அன்னபூர்ணா சர்க்யூட் டீ ஹவுஸ்கள்: எங்கே படுக்கலாம், எங்கே படுக்கக் கூடாது

பேர்தான் டீ ஹவுஸ். உண்மையில் சோறு போடும் சத்திரம். நேபாளத்து அன்னபூர்ணா சர்க்யூட் என்ற மலை நடைப் பாதையில் சாமேயிலிருந்து தோரோங் பேடி வரை சில மணி நேர நடைக்கு ஒன்று எதிர்ப்படும். கட்டிலும் ரஜாயும் (பஞ்சடைத்த போர்வை) இரண்டு வேளைச் சாப்பாடும் அங்கேயே கிடைப்பதால் கூடாரம், அடுப்பு, அரிசி, பருப்பு எதையும் முதுகில் ஏற்ற வேண்டாம். கூடார நடையில் 15 கிலோவைத் தாண்டும் பை இங்கே 8, 9 கிலோவோடு நின்றுவிடும். இந்த ஒரு காரணத்துக்கே இந்தச் சேவைக்கு நல்ல மார்க் போடலாம். ஆனால் எந்த இரவு எந்த உயரத்தில் படுப்பது என்பதை டீ ஹவுஸ்காரர் பார்த்துக்கொள்ள மாட்டார். "இன்னும் மேலே போனால் நல்ல ரூம் இருக்கு" என்று யாராவது சொல்வார்கள். ரூம் நன்றாகவே இருக்கும், தலைதான் வலிக்கும்.

முதலில் ரூம். பிளைவுட் சுவர், இரண்டு கட்டில், ஃபோம் மெத்தை, கனத்த ரஜாய், ஒரு பல்பு, அவ்வளவுதான். பக்கத்து ரூமில் இருமினால் நம் கட்டிலில் கேட்கும். ஹீட்டர் கிடையாது. சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும் ஒரு இரும்பு அடுப்பு, அதையும் சாயங்காலம்தான் மூட்டுவார்கள். மனாங் ஊருக்கு (3,540 மீட்டர்) மேலே அக்டோபர் கடைசியிலேயே இரவில் பூஜ்யத்துக்குக் கீழே நன்றாக இறங்கிவிடும். ரஜாய் இருக்கிறதே என்று ஸ்லீப்பிங் பேகை விட்டுவிட்டு வர வேண்டாம். கூட்டமான நாளில் ஆளுக்கு ஒரு ரஜாய்தான். மைனஸ் 10 தாங்கும் பை போதும், மேலே ரஜாயைப் போர்த்திக்கொள்ளலாம்.

ரூம் வாடகை மிகக் குறைவு, சில இடங்களில் இலவசம்கூட. லாபம் சாப்பாட்டில் வருவதால் இரவுச் சாப்பாடும் காலை டிபனும் அங்கேயே சாப்பிட வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். வெளியே சாப்பிட்டுவிட்டு வந்தால் வாடகை பல மடங்காகும், அதில் தப்பும் இல்லை. மெனு விலையை ஊர்க் கமிட்டி வைக்கிறது, அதில் பேரம் செல்லாது. சரக்கு கோவேறு கழுதையில் ஏறுவதால் உயரம் கூடக் கூட விலையும் ஏறும். நேபாள ரூபாயை மொத்தமாகக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள் (நம் 1 ரூபாய்க்கு அங்கே 1.60). வழியில் ஏடிஎம்மை நம்ப வேண்டாம்.

சாப்பாட்டில் கண்ணை மூடிக்கொண்டு தால் பாத் சொல்லுங்கள். சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு கறி, கீரை, ஊறுகாய், ஒரு அப்பளம். இரண்டாம் தடவை கேட்காமலே சோறும் பருப்பும் வந்து விழும், அதற்குக் காசில்லை. பீட்சா, பாஸ்தா எல்லாம் மெனுவில் இருக்கும், கிடைக்கும் என்பதைத் தவிர அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சமையலறையில் அடுப்பு ஒன்றோ இரண்டோதான். ஆறு பேர் ஆறு ஐட்டம் சொன்னால் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். நாலு மணிக்கே எல்லோரும் ஒரே ஐட்டமாகச் சொல்லிவைப்பது நல்லது. சைவர்களுக்கு இந்தப் பாதையில் ஒரு குறையும் இல்லை. மனாங்குக்கு மேலே கறி எத்தனை நாள் பயணம் செய்து வந்தது என்று தெரியாது, அசைவர்களும் அங்கே சைவமாகிவிடுவது வயிற்றுக்கு நல்லது. பூண்டு சூப் மலைநோயை (உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் தலைவலி, குமட்டல்) தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சூடாகத் தண்ணீர் உள்ளே போகிறது என்ற அளவில் குடிக்கலாம்.

பாட்டில் தண்ணீர் வாங்க வேண்டாம். வழியில் சில ஊர்களில் சுத்திகரித்த தண்ணீரை அளந்து விற்கும் நிலையங்கள் உண்டு. மற்ற இடங்களில் குளோரின் மாத்திரை போடுங்கள். அட்டையில் அரை மணி என்று இருந்தாலும் பனிநீரில் மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும், ஒரு மணி நேரத்துக்கு மேலே விடுங்கள். குழாய் இழை ஃபில்டர் கொண்டுவந்தால் இரவில் அதை ஸ்லீப்பிங் பேகுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே ஈரம் உறைந்தால் இழை கிழிந்துவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. போன், பவர் பேங்க் இரண்டுக்கும் அதே இடம்தான்.

டாய்லெட்டில் காலை ஐந்து மணிக்கு வாளித் தண்ணீர் மேலே கண்ணாடி போலப் பனி கட்டியிருக்கும். மக்கின் அடியால் தட்டி உடைத்துத்தான் மொள்ள வேண்டும். சிந்திய தண்ணீர் தரையிலும் உறைந்திருக்கும், செருப்போடு போனால் வழுக்கும்.

இனி படுக்கைக் கணக்கு. 3,000 மீட்டருக்கு மேலே ஒரு இரவுக்கும் அடுத்த இரவுக்கும் சுமார் 500 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு. இதை வைத்துப் பார்த்தால்: சாமே (2,670), அப்பர் பிசாங் (3,300), ங்காவல் (3,660), மனாங்கில் (3,540) இரண்டு இரவு, யாக் கர்க்கா (சுமார் 4,050), தோரோங் பேடி (சுமார் 4,500). மறுநாள் 5,416 மீட்டர் தோரோங் லா கணவாயைத் தாண்டி முக்திநாத்.

கீழ்ச் சாலையில் ஜீப் மனாங் வரை போகிறது. 760 மீட்டர் பேசிசஹாரில் ஏறி அன்றே மனாங்கில் இறங்குவதுதான் இந்தப் பாதையில் காசு கொடுத்து வாங்கக்கூடிய மிக மோசமான சேவை. மனாங்கில் சீசனில் இமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் கிளினிக் இயங்கும், மதியத்தில் மலைநோய் பற்றி வகுப்பும் எடுப்பார்கள். ஓய்வு நாளில் அதில் போய் உட்காருங்கள். மலைநோய்த் தடுப்பு மாத்திரையான அசிட்டசோலமைடு (125 மி.கி., நாளைக்கு இரண்டு) எடுப்பதானால் ஊரிலேயே டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

பேடிக்கு மேலே சுமார் 4,880 மீட்டரில் ஹை கேம்ப். அங்கே படுத்தால் கணவாய் நாளில் ஒரு மணி நேர ஏற்றம் மிச்சம் என்பார்கள். யாக் கர்க்காவிலிருந்து நேராக அங்கே போனால் ஒரே நாளில் 800 மீட்டருக்கு மேல். தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, மறுநாள் கால் எழாது. பேடியே போதும். அக்டோபரில் அங்கே மதியத்துக்குள் ரூம் நிரம்பிவிடும், முந்தின ஊரிலிருந்தே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் சாப்பாட்டுக் கூடத்து பெஞ்சுதான்.

காலை நாலரைக்குக் கிளம்ப வேண்டும், பத்து மணிக்குமேல் கணவாயில் காற்று பிய்த்தெடுக்கும். வங்கக் கடலில் புயல் என்று செய்தி வந்தால் மனாங்கைவிட்டு நகர வேண்டாம். 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயலின் மிச்சம்தான் இரண்டு நாளில் இங்கே பனியாகக் கொட்டியது. 40 பேருக்கு மேல் இறந்தார்கள்.

கணவாய்க்கு அந்தப் பக்கம் 1,600 மீட்டர் இறக்கம். முழங்காலுக்காக இரண்டு ஊன்றுகோல் அவசியம். கீழே முக்திநாத், வைணவர்கள் சாளக்கிராமம் என்று வணங்கும் திவ்ய தேசம், கோயிலுக்குப் பின்னால் 108 தாரை. யாத்ரீகர்கள் வருவதால் பக்கத்து ராணிபௌவாவில் வெந்நீரோடு நல்ல ரூம் கிடைக்கும். திரும்ப ஜோம்சோம் ஊரிலிருந்து பறக்கும் விமானம் காலையில் மட்டும்தான், காற்று எழுந்துவிட்டால் ரத்து. ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கு முன்னால் இரண்டு நாளாவது காலியாக விட்டுப் போடுங்கள்.