விசிட்டிங் ஃபெலோஷிப்புக்கு அப்ளை பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க

காலநிலை பொறுப்புக்கூறல், அதாவது காலநிலை மாற்றத்துக்கு யாரை எப்படி பொறுப்பாக்குறதுங்கிறது பத்தி ஆராய்ச்சி பண்ற பெண்களுக்கான விசிட்டிங் ஃபெலோஷிப் (கொஞ்ச நாள் வேற நிறுவனத்துல உதவித்தொகையோட ஆராய்ச்சி பண்ற வாய்ப்பு) ஒண்ணுல மூணு மாசம் இருந்துட்டு வந்தேன், பேர் சொல்லல, ஆனா அப்ளை பண்ண யோசிக்கிறவங்களுக்கு உதவும்னு எழுதுறேன்.

கூட இருந்தவங்கதான் பெரிய பலம். எனக்கு எதிர் சீட்ல ஒரு வக்கீல், பக்கத்துல ஒரு காலநிலை விஞ்ஞானி. காலநிலை மாற்றத்தைத் தடுக்க அரசு போதுமான அளவு செய்யலைன்னு ஸ்விட்சர்லாந்து மூத்த பெண்கள் போட்ட கேஸ்ல 2024 ஏப்ரல்ல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் குடுத்த தீர்ப்பை பிரிண்ட் எடுத்து மூணு பேரும் பத்தி பத்தியா படிச்சோம், ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல். அந்தப் பெண்கள்ல நாலு பேர் தனிநபரா போட்ட மனுவை கோர்ட் ஏத்துக்கல, அவங்களோட சங்கம் போட்ட மனுவை ஏத்துக்கிச்சு, அது ஏன்னு வக்கீல் விளக்கினப்போதான் நான் எழுதிட்டிருந்த சாப்டர்ல எங்க ஓட்டைனு புரிஞ்சுது. தனியா வீட்ல உக்காந்திருந்தா ஒரு வருஷம் ஆயிருக்கும்.

ஸ்டைபெண்ட் மட்டும் அஞ்சு வாரம் லேட், வீட்டு அட்வான்ஸ் கைக்காசு போட்டுத்தான் கட்டினேன். அதைவிட மனசு வலிச்சது, குழந்தை பராமரிப்புக்கு ஒண்ணுமே ஒதுக்கல. ரெண்டு வயசு குழந்தையை அம்மாகிட்ட விட்டுட்டு வந்த ஒருத்தங்க பாதியிலயே கிளம்பிட்டாங்க, அவ்ளோ நல்ல ஆராய்ச்சியாளர். பெண்களுக்கான திட்டம்னா முதல்ல யோசிக்க வேண்டியதே இதுதானே?

லைப்ரரி லாகினும் கடைசி நாளோட கட் ஆயிடும், வேணுங்கிற டாக்குமெண்ட்டை முன்னாடியே சேவ் பண்ணி வச்சுக்கோங்க.