தாழ்ந்த வண்டி, தாழாத வண்டி: கடலூர் ரோட்டில் ஒரு சஸ்பென்ஷன் கணக்கு

எனக்கும் மச்சானுக்கும் ஒரே வண்டி. ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 1.2 லிட்டர், 105 குதிரைத்திறன். அவனுடையது சிவப்பு, என்னுடையது வெள்ளை. போன வருஷம் வரைக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். இப்போது அவன் வண்டி என்னுடையதைவிட மூன்று செ.மீ.க்கு மேல் இறங்கி நிற்கிறது. பக்கத்தில் நிறுத்தினால் பார்க்கிறவர்கள் எல்லோரும் அவன் வண்டியைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்.

இருவருக்கும் பிரச்சினை ஒன்றுதான். எண்பதாயிரம் கி.மீ. ஓடிய ஷாக், அதாவது ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர். மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரி போகும்போது சுண்ணாம்பாறு பாலத்தின் இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கும் இல்லையா, அங்கே மூக்கு ஒரு தடவை அமுங்கி எழுந்து அடங்க வேண்டும். எங்கள் வண்டிகள் இரண்டும் மூன்று தடவை தலையாட்டிவிட்டுத்தான் அடங்கின. ஈசிஆரில் மரக்காணம் பக்கம் நீண்ட வளைவுகளில் வேகம் பிடித்தால் ஸ்டீயரிங் சொன்னதற்கும் வண்டி திரும்புவதற்கும் நடுவில் ஒரு யோசனை நேரம் இருந்தது. எப்படியும் மாற்ற வேண்டும், மாற்றும்போது கொஞ்சம் நல்லதாகவே போடுவோம் என்று கிளம்பினோம். அவன் வண்டியைத் தாழ்த்தும் கடினமான ஸ்பிரிங்கான லோயரிங் ஸ்பிரிங் போட்டான். நான் உயரத்தைத் தொடாமல் ஷாக்கை மட்டும் மாற்றினேன். லாஸ்பேட்டையில் இருக்கும் நண்பர் ஒருவர் எங்களுக்கு முன்பே காயிலோவர், அதாவது உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் ஜோடி, போட்டிருந்தார். ஆக, ஒரே சைஸ் வண்டியில் மூன்று வழியையும் ஓட்டிப் பார்க்க வாய்ப்பு அமைந்தது.

முதலில் மச்சான் வழி. லோயரிங் ஸ்பிரிங்தான் மூன்றிலும் மலிவு, கண்ணுக்குப் பலனும் உடனே தெரியும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருந்த அந்த அசிங்கமான இடைவெளி மறைந்துவிடும். வண்டி இறங்கினால் வளைவில் ஒட்டிக்கொண்டு போகும் என்பதுதான் பேச்சு. அதில் பாதி உண்மை. வளைவில் உள் சக்கரத்திலிருந்து வெளிச் சக்கரத்துக்கு எவ்வளவு எடை மாறும் என்பதை முடிவு செய்வது வேகம், வண்டியின் அகலம், கனமையத்தின் (மொத்த எடையும் குவிந்த புள்ளியின்) உயரம் ஆகியவைதான். ஸ்பிரிங் எவ்வளவு கடினம் என்பதற்கு அந்த மொத்தக் கணக்கில் இடமில்லை. கனமையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 3 செ.மீ. இறக்கினால் எடை மாற்றம் 5 சதவீத அளவுக்குக் குறையும். லாபம் அவ்வளவுதான்.

நஷ்டத்தை யாரும் சொல்வதில்லை. போலோவுக்கு முன்னால் இருப்பது மக்ஃபர்சன் ஸ்ட்ரட், ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சக்கரத்தைத் தாங்கும் அமைப்பு. சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்ம் தரைக்குக் கிட்டத்தட்ட இணையாக இருக்கிற மாதிரி கம்பெனி வடிவமைத்திருக்கும். வண்டியை இறக்கினால் அந்த ஆர்மின் வெளிமுனை மேலே தூக்கிக்கொள்ளும். அப்போது கனமையம் 3 செ.மீ. இறங்கினால், வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி அதைவிட அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல். அது நீண்டுவிடுகிறது. ஸ்பிரிங்கில் கூட்டிய கடினத்தில் ஒரு பங்கு இந்தக் கூடுதல் நெம்புகோலைச் சமாளிக்கவே செலவாகிவிடும். அதோடு வளைவில் வெளிச் சக்கரம் நிமிர்ந்து நிற்கக் கிடைத்த உதவியும் குறைகிறது.

இன்னொன்று, மச்சான் ஷாக்கை மாற்றவில்லை. பழைய ஷாக்கின் மேலேயே புது ஸ்பிரிங். கடினமான ஸ்பிரிங் திருப்பி உதைக்கும் வேகத்தை அடக்க ஷாக்கில் வலு வேண்டும். தளர்ந்த ஷாக்கால் முடியாது. போதாததற்கு ஷாக் உள்ளே போக இருந்த தூரத்திலும் மூன்று செ.மீ. காலி. வளைவில் ஒரு மேடு வந்தால் போதும், ஷாக்கின் ஓட்டத்தைக் கடைசியில் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் இடிக்கும். இடித்த நொடியில் அந்த மூலை ஸ்பிரிங்கே இல்லாத கட்டை மாதிரி இறுகிவிடும். முன்பக்கம் வெளியே நழுவும். தவளக்குப்பம் தாண்டி ஒரு வளைவில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். ‘டொக்’ என்று ஒரு சத்தம், உடனே அவன் ஸ்டீயரிங்கை இன்னும் கொஞ்சம் ஒடித்தான். “ஸ்டிஃபா இருக்குல்ல மாமா?” என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் நம் ஊர் வேகத்தடை. இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி அது 3.7 மீட்டர் நீளம், 10 செ.மீ. உயரம் கொண்ட வட்டமான மேடாக இருக்க வேண்டும். அந்த அளவில் இருந்தால் தாழ்ந்த வண்டியும் ஏறி இறங்கிவிடும். ஊருக்குள் கிடப்பதோ பாதி நீளத்தில் அதே உயரம், சில இடங்களில் அதைவிடவும் அதிகம். கம்பெனி கொடுத்த தரை இடைவெளி 165 மி.மீ. அளவில் இருந்தாலே பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் பார்த்துப் போக வேண்டியிருக்கிறது. ரெட்டிச்சாவடி பக்கம் ஒரு மேட்டில் மச்சான் குடும்பத்தையே இறக்கிவிட்டு வண்டியைக் குறுக்காக ஏற்றியதை நான் பின்னால் நின்று பார்த்தேன். அக்கா இறங்கும்போது முணுமுணுத்ததை இங்கே எழுத முடியாது. ஸ்பிரிங்கை அறுத்து இறக்குவது இன்னொரு கொடுமை; அதை ஒரு வழியாகவே நான் கணக்கில் எடுக்கவில்லை.

காயிலோவர் இதைவிடப் பல மடங்கு மேல். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று பொருந்துகிற மாதிரி ஒரே ஜோடியாக வரும், உயரத்தை மரை திருகி வைத்துக்கொள்ளலாம். கே.டபிள்யூ. கம்பெனியின் வரிசையை எடுத்துக்கொண்டால், வேரியன்ட் 1-இல் உயரம் மட்டும் மாறும். 2-இல் ஷாக் விரியும் வேகத்தையும் மாற்றலாம். 3-இல் அமுங்குவது, விரிவது இரண்டையும் தனித்தனியாக. பில்ஸ்டீன் கம்பெனியில் பி14 உயரத்துக்கு, பி16 ஷாக்கின் இறுக்கத்துக்கும் சேர்த்து. நல்ல செட் ஒன்று இறக்குமதி வரியோடு கைக்கு வரும்போது லட்சத்தைத் தாண்டிவிடும்.

காசை விடுங்கள். எனக்கு இருந்த தயக்கம் இரண்டு. ஒன்று, ஸ்பிரிங் கடினம். சாதாரணக் கார் தன் ஸ்பிரிங்கின் மேல் நொடிக்கு 1.2 தடவை ஆடுகிறது என்றால், அதை 1.8 ஆக்குவதற்கே ஸ்பிரிங்கை 2.25 மடங்கு கடினமாக்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக் மாதிரி வழவழப்பான தரையில் அது சொர்க்கம். பள்ளம் தோண்டி மூடிய நம் தெருக்களில் சக்கரம் தரையைப் பின்தொடராமல் தாவித் தாவிப் போகும். தரையில் இல்லாத டயருக்கு ஏது பிடிமானம்? வளைவில் மெதுவான வண்டியாகிவிடும் என்பதுதான் வேடிக்கை.

இரண்டாவது, உப்பு. வடக்கே மரக்காணம் உப்பளம், தெற்கே உப்பனாறு, கிழக்கே கடல். நாம் மூச்சு விடுவதே உப்புக் காற்று. லாஸ்பேட்டை நண்பரின் வண்டியை ஜாக்கியில் தூக்கி உயரத்தைக் கொஞ்சம் ஏற்றப் பார்த்தோம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது தெருவில் நின்ற தண்ணீரில் ஓடிய வண்டி அது. இரும்புக் குழாயின் மரையில் அலுமினிய வளையம். இரண்டு உலோகங்களும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும்? மரை முழுக்க வெள்ளைப் பொடி, நடுநடுவே துருவின் சிவப்பு. துரு எண்ணெய் அடித்து ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் வளைவுச் சாவியைப் போட்டுத் தட்டினால் வளையத்தின் பல்தான் உடைந்ததே தவிர வளையம் அசையவில்லை. உயரத்தை மாற்றலாம் என்பதற்காகக் கொடுத்த காசு அந்த மரையோடு இறுகிப் போய்விட்டது. நம் கடற்கரையில் காயிலோவர் வாங்கியே தீருவேன் என்பவர்கள் துருப்பிடிக்காத எஃகில் வரும் செட்டாகப் பாருங்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை மரையைக் கழுவி மெழுகு தடவுங்கள்.

சரி, என் வழி. கம்பெனி ஸ்பிரிங், கம்பெனி உயரம், ஷாக் மட்டும் மோனோட்யூப். இதில் பில்ஸ்டீன் பி6 என்பது பழைய உயரத்துக்கு, பி8 என்பது தாழ்த்திய ஸ்பிரிங்குக்காகக் குட்டையாகச் செய்தது. மச்சான் வாங்கியிருக்க வேண்டியது இரண்டாவதை. வழக்கமான ஷாக்கில் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் இருக்கும். எண்ணெய்க்கு மேல் வாயு நிற்கும். குண்டும் குழியுமாக விடாமல் ஓட்டினால் சூடேறி எண்ணெய் நுரைக்கும், நுரைத்தால் பிடி விடும். மோனோட்யூபில் ஒரே குழாய். எண்ணெயையும் அழுத்தமான வாயுவையும் தனி பிஸ்டன் ஒன்று பிரித்து வைக்கும். நுரைக்க வழியில்லை, வெளிக்குழாயே நேராகக் காற்றில் இருப்பதால் சூடும் சீக்கிரம் இறங்கும்.

கழற்றிய பழைய ஷாக்கை மெக்கானிக் அண்ணன் மேசையில் நிமிர்த்தி வைத்துத் தண்டை அமுக்கச் சொன்னார். ஒரு விரலில் உள்ளே போனது, பாதியில் ‘களுக்’ என்று ஒரு காலி இடம், அங்கேயே நின்றுவிட்டது. குழாய் முழுக்க எண்ணெயில் ஊறிய புழுதி, அப்பம் மாதிரி. “இதுல ஓட்டிட்டுதான் ஸ்டீயரிங்க குறை சொன்னீங்களா தம்பி?” என்றார். புதியதை உடம்பின் பாரத்தைப் போட்டுத்தான் அமுக்க முடிந்தது. கையை எடுத்ததும் மெதுவாக, ஒரே சீராக எழுந்தது.

திரும்பி வரும்போது அதே சுண்ணாம்பாறு பாலம். ஒரு அமுங்கல், ஒரு எழுச்சி, முடிந்தது. வளைவில் வண்டி முன்பு சாய்ந்த அளவுக்கு இப்போதும் சாய்கிறது. அதை ஷாக் குறைக்காது. குறைந்தது சாய்கிற வேகம். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் தொப்பென்று விழாமல் அளந்து சாய்கிறது. அதனால் நடுவில் இருந்த அந்த யோசனை நேரம் போய்விட்டது. ‘ஹேண்ட்லிங்’ என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இதுதான் என்பது என் கட்சி. குறையும் உண்டு: இருபது முப்பது வேகத்தில் சின்னச் சின்ன ஒட்டுகள் எல்லாம் முதுகுக்குத் தெரியும். “கட்டை வண்டி மாதிரி இருக்குடா” என்று அம்மா ஒரு மாதம் சொன்னார்.

எதைப் போட்டாலும் கூட வரும் செலவு ஒன்று இருக்கிறது. மேல் மவுண்ட், லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ் (ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர்) எல்லாவற்றையும் அதே கூலியில் மாற்றிவிடுங்கள். புஷ் போல்ட்டைக் கடைசியாக முறுக்கும்போது சக்கரம் தரையில் பாரத்தோடு இருக்க வேண்டும். தொங்கவிட்டு முறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு சில மாதத்தில் கிழியும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அலைன்மென்ட். டயரில் நான் 185/60 ஆர்15-லிருந்து 195/60 ஆர்15-க்குப் போனேன். விட்டம் 12 மி.மீ. கூடுவதால் வண்டி 6 மி.மீ. உயர்ந்தது, மச்சானுக்கும் எனக்கும் இடைவெளி இன்னும் கூடிவிட்டது. பானெட்டுக்குள் இரண்டு ஸ்ட்ரட் தலைகளையும் இணைத்துப் போடும் ஸ்ட்ரட் பார் படத்தில்தான் நன்றாக இருக்கும்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 2019 திருத்தத்தின்படி ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. விபத்தில் இன்சூரன்ஸ்காரர் வண்டியைச் சுற்றி வரும்போது தாழ்ந்த வண்டி முதலில் கண்ணில் படும்.

இனி எனக்கு மிச்சம் இருக்கும் ஆசை பின்னாடி ஒரு ஆன்ட்டி ரோல் பார், வளைவில் வண்டி சாய்வதைத் தடுக்கும் கம்பி. முன்சக்கரம் இழுக்கும் வண்டி வளைவில் மூக்கை வெளியே தள்ளும் பழக்கத்துக்கு அதுதான் மருந்து. தடி கம்பியின் கடினம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும், 18 மி.மீ. கம்பியை 20 ஆக்கினால் பாதிக்கு மேல் கூடிவிடும். அதே காரணத்தால் ஈர ரோட்டில் வால் சட்டென்று வெளியே வரவும் செய்யும். இப்போது ஐப்பசி, கிருமாம்பாக்கம் பக்கம் ரோட்டில் தண்ணீர் நிற்கிறது. தை பிறக்கட்டும் என்று அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மச்சான் அதற்குள் குட்டை ஷாக்குக்கு விலை கேட்டுக்கொண்டிருக்கிறான்.