வாஷிங் மெஷின் ப்ரஷர் சுவிட்ச்: மாற்றி, சில வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

தண்ணீர் நிற்காமல் ஏறுகிறது என்று சொன்னாலே, "ப்ரஷர் சுவிட்ச் போயிருக்கும், மாத்திடுங்க" என்ற பதில்தான் உடனே வரும். தண்ணீர் போதிய அளவு ஏறியதும் வரத்தை நிறுத்துகிற சுவிட்ச் அது. என் டாப் லோட் மெஷினில் அது நிஜமாகவே போயிருந்தது. மாற்றி, சில வருடம் ஓட்டியும் ஆயிற்று. இருந்தாலும் சந்தேகப் பட்டியலில் சுவிட்சைக் கடைசியில்தான் வைப்பேன்.

எனக்கு வந்த கோளாறு கொஞ்சம் விசித்திரமானது. தண்ணீர் சரியான அளவில் நின்றுவிடும். துணி சுற்ற ஆரம்பித்த பிறகு மறுபடியும் கொஞ்சம் ஏறும், நிற்கும், இன்னும் கொஞ்சம் ஏறும். அலசல் வருவதற்குள் விளிம்பைத் தொட்டுவிடும்.

தண்ணீர் ஏறும்போதே ப்ளக்கைப் பிடுங்கினேன். வரத்து உடனே நின்றது. கரன்ட் இல்லாமலும் தண்ணீர் வந்தால், தண்ணீரை உள்ளே விடும் இன்லெட் வால்வு மூடவில்லை என்று அர்த்தம், சுவிட்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தண்ணீரை வெளியேற்றும் வடிகுழாய் வழியாக ஒழுகினாலும் மெஷின் நிரப்பிக்கொண்டே இருக்கும். ஆனால் அப்போது மட்டம் விளிம்பு வரை ஏறாது.

தொட்டியின் அடிப்பக்கத்தில் சின்னதாக ஒரு காற்றறை இருக்கிறது. டம்ளரைக் கவிழ்த்துத் தண்ணீரில் அமுக்கினால் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளுமே, அதே வேலைதான். தண்ணீர் ஏற ஏற அந்தக் காற்று அமுங்கி, மெல்லிய ட்யூப் வழியே மேலே இருக்கும் சுவிட்சின் ரப்பர் சவ்வைத் தள்ளுகிறது. சவ்வு தள்ளியதும் 'டிக்' என்று காண்டாக்ட் மாறி வால்வுக்குப் போகும் கரன்ட் நிற்கிறது. 30 செ.மீ. தண்ணீருக்கு அழுத்தம் ஏறத்தாழ 3 கிலோபாஸ்கல்தான். இவ்வளவு சன்னமான அழுத்தத்தை வைத்து நடக்கிற வேலை என்பதால் ட்யூபில் ஊசித்துளை விழுந்தாலே கணக்கு தப்பிவிடும்.

அதனால் முதலில் ட்யூப். ப்ளக்கைக் கழற்றிவிட்டு, ட்யூபை இரண்டு பக்கமும் உருவி, ஒரு முனையை விரலால் அடைத்து, தண்ணீரில் அமுக்கி, மறுமுனையில் ஊதினேன். குமிழி வரவில்லை. ஸ்பின் ஆடும்போது தொட்டி உரசும் இடத்தைத் தனியாகத் தடவிப் பார்ப்பது நல்லது, பெரும்பாலும் அங்கேதான் தேயும்.

அடுத்து சுவிட்ச். அதன் மூக்கில் ஒரு துண்டு ட்யூபைச் செருகி மெதுவாக ஊதினால் 'டிக்' கேட்க வேண்டும். கேட்டது. இதோடு 'நல்லா இருக்கு' என்று மூடிவிடுகிறவர்கள் உண்டு. ட்யூபை நாக்கால் அடைத்து அழுத்தத்தை அப்படியே பிடித்து வைத்தால்தான் உண்மை தெரியும். என் சுவிட்ச் சில நொடிகளில் தானாகவே திரும்ப 'டிக்' என்றது. சவ்வு கசிகிறது. நின்ற தண்ணீர் மறுபடி ஏறியதற்குக் காரணம் இதுதான். மல்டிமீட்டர் இருந்தால் அந்த 'டிக்'கின்போது காண்டாக்ட் உண்மையில் விடுகிறதா, சேருகிறதா என்றும் பார்த்துவிடலாம். ஏர் கம்ப்ரஸரை மட்டும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், நல்ல சவ்வும் கிழியும்.

புது மெஷின்களில் பெரும்பாலும் 'டிக்' சத்தமே இருக்காது. உள்ளே ஒரு கம்பிச்சுருள் ('காயில்') இருக்கும், தண்ணீர் மட்டத்துக்கு ஏற்ப அது தரும் அலைவெண் மாறும், மெஷினின் கன்ட்ரோல் போர்டு அதைப் படித்துக்கொள்ளும். அதற்கு இந்த ஊதல் சோதனை பயன்படாது.

மாற்றுவது பெரிய வேலை இல்லை. ஒயர்களை போட்டோ எடுத்துக்கொண்டு கழற்றி, அதே பார்ட் நம்பர் உள்ளதைப் போட்டேன். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் சுவிட்ச் வேறு அழுத்தத்தில் மாறுவதாக இருக்கலாம். பெயின்ட் வைத்து அடைத்திருக்கும் ஸ்க்ரூவைத் தொடக்கூடாது, அது கம்பெனியில் வைத்த அளவு. ட்யூபைத் தொட்டி காலியாக இருக்கும்போதுதான் செருக வேண்டும். தண்ணீர் இருக்கும்போது செருகினால் காற்றறைக்குள் ஏற்கெனவே தண்ணீர் ஏறியிருக்கும், அந்த மட்டத்தையே காலி என்று எடுத்துக்கொண்டு மெஷின் அதிகமாக நிரப்பும்.

அதன்பின் நீண்ட காலம் எந்தப் புகாரும் இல்லை. பிறகு நேர்மாறான கோளாறு ஒன்று வந்தது. தண்ணீர் முழுக்க வடிந்த பிறகும் ஸ்பின் தொடங்காமல் நிற்கும். அடுத்த முறை துணி போட்டால் அரைகுறையாகத்தான் தண்ணீர் எடுக்கும். சுவிட்சைக் கழற்றி ஊதிப் பார்த்தேன், அழுத்தத்தைக் கச்சிதமாகப் பிடித்தது. அடைப்பு காற்றறையின் வாயில். சோப்புத்தூளும் நூல் பிசிறும் சேர்ந்து களிம்பு மாதிரி அப்பியிருந்தது, அழுத்தம் உள்ளேயே சிக்கிக்கொண்டது. ட்யூபை உருவிவிட்டு, காற்றறைக்குள் சிரிஞ்சால் வெதுவெதுப்பான தண்ணீரைப் பலமுறை பாய்ச்சியதும் கரும்பழுப்பாக வந்து, போகப்போகத் தெளிந்தது. மெஷினும் சரியானது. மெக்கானிக் வந்திருந்தால் இன்னொரு சுவிட்ச் மாறியிருக்கும் என்பது என் ஊகம்.

இப்போது சோப்புத்தூளைக் குறைத்துப் போடுகிறோம், குளிர்ந்த தண்ணீரில் துவைக்கும்போது இன்னும் குறைவாக. மேல் மூடியைக் கழற்ற நேரும்போதெல்லாம் காற்றறையை ஒருமுறை சிரிஞ்சால் கழுவிவிடுகிறேன். சுவிட்ச் மூக்கில் செருகும் ட்யூப் முனை நாளாக ஆக விரிந்து லொடலொடக்கிறது. நீளம் மிச்சம் இருப்பதால் நுனியை ஒரு சென்டிமீட்டர் நறுக்கிவிட்டு மறுபடி செருகி, கிளிப்பைப் போட்டுவிடுகிறேன்.