பெரிய மீன் தொட்டி: ஆள் தூக்குவதா, சக்கரப் பலகையா?

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம், 12 மி.மீ. கண்ணாடி. இப்படி ஒரு தொட்டி காலியாகவே 120 கிலோவைத் தாண்டும். நிரப்பினால் தண்ணீர் மட்டும் சுமார் 650 கிலோ. அதனால் எந்த வழியில் நகர்த்தினாலும் தண்ணீர், கல், மணல் எல்லாவற்றையும் முதலில் எடுத்துவிட வேண்டும். அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலும் தொட்டி சாயும்போது அது ஒரே பக்கம் ஓடிப் பாரத்தை மாற்றிவிடும்.

சமதளத் தரை என்றால் எனக்குச் சக்கரப் பலகைதான் பிடிக்கும். ஆனால் சின்னப் பலகையின் நடுவில் வைத்து, இரு முனைகளும் தொங்கவிடக் கூடாது. தொட்டியின் அடிப்பரப்பு முழுவதும் தாங்கும் தடித்த ஒட்டுப்பலகை, அதன்மேல் நுரைத் தகடு, அப்புறம்தான் தொட்டி. இவ்வளவு செய்தாலும் வாசற்படியில் சக்கரம் இடிக்கும் அதிர்ச்சி நேராகக் கண்ணாடிக்குத்தான் போகும்.

படிக்கட்டு வந்தால் வேறு வழியில்லை, ஆட்கள்தான். நான்கு பேர் போதும் என்பார்கள்; ஆறு பேரைக் கூப்பிடுங்கள். அடியில் பட்டை கொடுத்துத் தூக்குவது நல்லது. உறிஞ்சுப் பிடிகள், அதாவது ரப்பர் கிண்ணத்தால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் கைப்பிடிகள், சுத்தமான, உலர்ந்த கண்ணாடியில்தான் ஒட்டும். அதிலும் பக்கக் கண்ணாடியை மட்டும் பிடித்துத் தூக்கினால் மொத்த எடையும் கண்ணாடிகளை இணைக்கும் சிலிக்கோன் ஒட்டில் தொங்கும். கை வழுக்காமல் இருக்க உறிஞ்சுப் பிடிகளை வைத்துக்கொள்ளலாம், பாரம் அடியில் கொடுத்த கைகளில் இருக்கட்டும். மேல்விளிம்பைப் பிடித்துத் தூக்கவே வேண்டாம்.