முற்றிய கல்லீரல் புற்றுநோய்: ஓர் அறுவை சிகிச்சை ஆலோசனைப் பிரிவு பற்றி

அப்பாவுக்கு அறுவை சிகிச்சை செய்ய முடியுமா என்று கேட்கத்தான் இந்தக் கல்லீரல் சிகிச்சைப் பிரிவை அணுகினோம். அறுவை மருத்துவர் சி.டி. ஸ்கேன் படத்தைத் திரையில் பெரிதாக்கி, கட்டி போர்ட்டல் சிரையின் (குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் குழாயின்) கிளைக்குள் விரல்நுனி போல நீண்டிருந்த இடத்தைக் காட்டி, அந்த வழியாகத்தான் புற்றணுக்கள் கல்லீரலின் மற்ற பகுதிகளுக்குப் பரவுகின்றன என்றும், நுரையீரல், எலும்பு, நிணநீர் முடிச்சுகளையும் சோதித்தாக வேண்டும் என்றும் பொறுமையாக விளக்கினார். கட்டியை வெட்டி எடுப்பதைவிட எஞ்சும் கல்லீரல் உடலைத் தாங்குமா என்பதே பெரிய கேள்வி என்பதும், சிரோசிஸ் (கல்லீரல் வடுப்பட்டு இறுகும் நோய்) உள்ளவர்களுக்குப் பொதுவாக 40 சதவீதமாவது மிஞ்ச வேண்டும் என்பதும் அன்றுதான் புரிந்தது. ஒரே கட்டியானால் 5 செ.மீ. வரை, மூன்று வரை இருந்தால் ஒவ்வொன்றும் 3 செ.மீ. வரை, இரத்தக் குழாயில் படர்ந்திருக்கக் கூடாது என்ற 1996ஆம் ஆண்டின் மிலான் வரையறைப்படி கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்கு இப்போது இடமில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். முதலில் மருந்து சிகிச்சை, கட்டி சுருங்கினால் அறுவை பற்றி மறுபரிசீலனை என்று முடிவானது. வலி நிவாரணம் குறித்து நாங்களாகக் கேட்ட பிறகே பேசினார்கள். இந்நோயில் அது முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டிய பேச்சு. மற்றபடி, இரண்டாவது கருத்து தேடுவோர் தயங்காமல் இங்கே செல்லலாம்.