பொம்பிளைக் காரை இழுத்துப்போகும் வானும் பின் விளக்கு வயறிங்கும்: ஆறு வருட அனுபவம்

எங்கள் வீட்டில் ஒரு ஒஸ்ரின் ஏ-40 சோமசெட் நிற்கிறது. 1953ஆம் ஆண்டுக் கார். அப்பா ஹயர் ஓடின கார் அது. 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார். இப்போது கலியாண வீடுகளுக்கு, பொம்பிளை ஏறும் காராக மட்டும் போகிறது. நல்லூர், கோண்டாவில், மானிப்பாய் என்றால் தானே ஓடிப் போகும். கிளிநொச்சி, வவுனியா என்றால் எங்கள் டொல்பின் வானுக்குப் பின்னால் கொழுவி இழுத்துப்போகிறோம். வவுனியாவுக்கு 140 கிலோமீற்றர். எழுபது வயது தாண்டின எஞ்சினை அவ்வளவு தூரம் வெயிலில் ஓட்டி, தண்ணீர் கொதித்து, பொம்பிளையை வழியில் நிற்க விட எனக்கு மனமில்லை.

இழுக்கும் சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஏ’ எழுத்து வடிவில் வெல்டிங் கடையில் செய்வித்தது. காரின் சேசிஸில் இரண்டு இடத்தில் பூட்டுகிறது, கூடவே இரண்டு சங்கிலி. பின் சில்லுக்குப் போகும் சாஃப்டைக் கழற்றிவிட்டுத்தான் இழுப்போம். இல்லையென்றால் கியர்ப் பெட்டிக்குள் பல்சில்லுகள் ஒயில் சரியாக அடிபடாமல் சுற்றிக்கொண்டிருக்கும். வேகம் 40, 45க்கு மேல் இல்லை. இந்த வேலைகளெல்லாம் முதல் மாதத்திலேயே சரிவந்துவிட்டன. என்னை ஆறு வருடமாக வேலை வாங்கினது பின் விளக்குத்தான்.

2019 ஆவணியில் கிளிநொச்சிக் கலியாணம் ஒன்று முடித்துத் திரும்பினோம். இரவு பதினொரு மணி கடந்துவிட்டது. ஆனையிறவு தாண்டி இயக்கச்சிப் பக்கம் ஏ-9 வீதியில் வரும்போது ஒரு மோட்டார்சைக்கிள் பின்னால் வந்து, கடைசி நொடியில் வெட்டி வீதியோரப் புல்லுக்குள் இறங்கி நின்றது. ஓட்டிவந்த பொடியனுக்குக் காயமில்லை. கை நடுங்கிக்கொண்டிருந்தது. “அண்ணை, முன்னால வான் லைற் தெரிஞ்சது, தூரம் எண்டு நினைச்சன். நடுவில ஒரு கார் நிக்குது எண்டு தெரியேல்லை” என்றான். அவன் சொன்னது முழுக்கச் சரி. வானின் விளக்கு இரண்டும் காரின் உடம்பால் அரைவாசி மறைந்திருந்தன. கறுப்புக் கார், கறுத்த இரவு. பின்னால் வருகிறவனுக்கு வீதியின் முடிவு எங்கள் கார், அதில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. அன்று ஒன்றும் நடக்கவில்லை என்பதற்காக நான் இன்றைக்கும் நல்லூரானுக்குக் கற்பூரம் கொளுத்துகிறேன். அன்றிலிருந்து மூன்று விதமான வயறிங் செய்து பார்த்துவிட்டேன்.

முதலாவது, பலகை. இரண்டு ரெய்ல் லைற்றை ஒரு பலகையில் பூட்டி, பின் பம்பரில் சைக்கிள் ரியூப் துண்டால் கட்டி, வயரைக் காருக்கு அடியால் கொண்டுவந்து வானில் முறுக்கினோம். எரிந்தது. ஆனால் பலகை ஆடி ஆடிப் பெயின்ரை உரஞ்சியது. வீடியோ எடுக்கும் கார் அது, கீறலோடு கொண்டுபோய் நிறுத்த முடியாது. அதைவிடப் பெரிய குறை வெளிச்சம். பிறேக் பல்ப் ஒன்று 21 வாட்ஸ், இரண்டுக்கும் 12 வோல்ட்டில் மூன்றரை அம்பியர் வேண்டும். நான் வாங்கினது ஸ்பீக்கருக்கு இழுக்கிற மாதிரியான அரைச் சதுர மில்லிமீற்றர் மெல்லிய வயர். வானின் பின்னாலிருந்து காரின் பின்னால்வரை வளைத்து இழுத்தால் பத்து மீற்றர், திரும்பி வர இன்னொரு பத்து. அந்த மெல்லிய வயரில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடுகிறது. பல்ப்புக்கு வோல்ட் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சம் நிறையக் குறையும். பகலில் பிறேக் பிடித்தால் பின்னால் நிற்கிறவருக்குத் தெரியவே தெரியாது. ஒன்றரைச் சதுர மில்லிமீற்றர் வயருக்கு மாற்றின பிறகுதான் பல்ப் பல்ப்பாக எரிந்தது. வயர் வாங்கும்போது நிறத்தைப் பார்க்கிறோம், விலையைப் பார்க்கிறோம். தடிப்பைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, கனடாவில் இருக்கும் மச்சான் அனுப்பின செற். அங்கே பெரிய வீட்டு வான்களில் ஊர் சுற்றப் போகிறவர்கள், போன இடத்தில் கடைக்குப் போகச் சின்னக் கார் ஒன்றைப் பின்னால் கொழுவிக்கொண்டு போவார்கள். அதற்கென்றே வயர், பிளக், டயோட் எல்லாம் ஒரு பையில் விற்கிறது. காரின் சொந்தப் பல்ப்பையே வான் எரிக்கும், வானிலிருந்து வரும் கரண்ட் காரின் வயறிங்குக்குள் பின்னோக்கி ஓடாமல் டயோட் தடுக்கும். கேட்க மிக அழகான ஏற்பாடு. வெள்ளை எர்த் (கரண்ட் பற்றரிக்குத் திரும்பிப் போகும் வழி), மண்ணிறம் பார்க் லைற், மஞ்சள் இடது, பச்சை வலது, நாலே நாலு வயர். பிறேக்குக்குத் தனி வயர் இல்லை. அங்கத்தைய பல வண்டிகளில் பிறேக்கும் சிக்னலும் ஒரே சிவப்புப் பல்ப். எங்கள் ஜப்பான் வான்களில் சிக்னல் தனியாகச் செம்மஞ்சளில் எரியும். அதனால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் சின்னப் பெட்டி ஒன்றும் நடுவில் போட வேண்டி வந்தது.

சோமசெட்டில் பின் சிக்னலே கிடையாது. அந்தக் காலத்துக் காரில் கதவுத் தூணிலிருந்து சின்னக் கை ஒன்று வெளியே எழும்பி வழி காட்டும். பின்னால் இருப்பது பார்க்கும் பிறேக்கும் சேர்ந்த பல்ப்தான். ஆகவே இந்த நாலு வயர் முறை எங்கள் காருக்கென்றே செய்த மாதிரி இருந்தது. ஒரு கராஜில் கொடுத்துப் பூட்டுவித்தேன். மூன்று மாதம் ஓடியது. இங்கே சிவப்பு மினுங்கினால் சிக்னல் என்று ஒருவரும் நினைப்பதில்லை, பிறேக்கைத் தட்டித் தட்டிப் பிடிக்கிறார் என்றுதான் நினைக்கிறார்கள். கொடிகாமச் சந்தியில் நான் வலப்பக்கம் திரும்பும்போது இரண்டு பேர் அதே வலப்பக்கத்தால் முந்தினார்கள். அப்போதே கழற்றியிருக்க வேண்டும்.

பிறகு கிளிநொச்சியில் ஒரு மண்டப வாசல். பொழுதுபட்டுவிட்டது, வானில் பார்க் லைற் எரிந்துகொண்டிருக்கிறது, பிளக் இன்னும் கழற்றவில்லை. உதவிக்கு வந்த தம்பி காருக்குள் ஏறிக் காரின் லைற் சுவிட்சையும் இழுத்தான். ஒரு சத்தம், பிறகு பிளாஸ்ரிக் எரிகிற மணம். வானின் பின் வயறிங்கில் ஒரு முழம் கருகிவிட்டது. அந்தக் கராஜில் வானின் பியூஸ் இருந்த இடத்தில் செப்புக் கம்பி சுற்றியிருந்தார்கள், அது எனக்குப் பிறகுதான் தெரியும். காரின் விளக்குச் சுற்றுக்கோ பியூஸே இல்லை. தடுக்க ஒன்றும் இல்லாமல் வயரே பியூஸாகிவிட்டது. அன்று பொம்பிளையும் தோழியும் ஏறுவதற்குக் கால் மணித்தியாலம் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு பிசைகிறது.

காரணத்தைச் சொன்னவர் சுன்னாகத்தில் இருக்கும் ஒரு வயதான வயறிங்காரர். பொனெற்றைத் திறந்தார், பற்றரியைப் பார்த்தார், ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. “தம்பி, இது பொசிற்றிவ் எர்த் கார். இதின்ர உடம்பு பிளஸ். உங்கட வானின்ர உடம்பு மைனஸ். ரெண்டு உடம்பையும் இரும்புச் சட்டத்தால கட்டிப்போட்டு, ரெண்டு சுவிட்சையும் போட்டா, ரோச்சுக்குள்ள ரெண்டு பற்றரி ஒண்டுக்குப் பின்னால ஒண்டு நிக்கிற மாதிரித்தான். இருபத்திநாலு வோல்ட்டும் நேர அடிக்கும்.”

“டயோட் போட்டிருக்குதே, ஐயா?” என்றேன்.

“டயோட் ஒரு பக்கம்தான் மறிக்கும். இதில கரண்ட் போறது அது திறந்துவிடுற பக்கம்.”

1950களின் பிரித்தானியக் கார்கள் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தைக் கட்டாயம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் ஏ-40, மொறிஸ் மைனர் இன்னும் எத்தனையோ வீட்டு போர்ட்டிக்கோவில் நிற்கின்றன. பல்ப்புக்குப் பிளஸ் மைனஸ் பேதம் இல்லை, எப்படிக் கொடுத்தாலும் எரியும். எரிவதைப் பார்த்து எல்லாம் சரி என்று நாங்கள் நம்பிவிடுகிறோம். பற்றரியின் எந்த முனை சேசிஸோடு பூட்டியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். சிலவற்றைப் பிறகு மைனஸ் எர்த்துக்கு மாற்றியிருப்பார்கள், அதனால் ஆண்டை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். உடம்பு மைனஸ் என்றால் அந்த டயோட் செற் நன்றாக வேலை செய்யும். பிளஸ் என்றால் காரின் சொந்த வயறிங்கைத் தொடவே கூடாது.

மூன்றாவது, இப்போது ஓடுவது. காரின் விளக்கை அப்படியே விட்டுவிட்டு முழுக்கத் தனியாக ஒரு சோடி. லொறி ரெயிலருக்கு விற்கும் மூடின எல்.ஈ.டி. விளக்கு, பார்க், பிறேக், செம்மஞ்சள் சிக்னல் மூன்றும் ஒன்றாக. 10 வோல்ட்டிலிருந்து 30 வோல்ட் வரை எரியும் வகையைத் தேடி வாங்கினேன். அவசரத்துக்கு லொறியால் இழுக்க வேண்டி வந்தால் அநேகமான லொறிகள் 24 வோல்ட். அலுமினியப் பட்டி ஒன்றில் அவற்றைப் பூட்டி, பம்பருக்குப் பின்னால் றப்பர் வைத்து, கையால் திருகும் நட்டு இரண்டால் இறுக்குகிறோம். மண்டப வாசலில் இரண்டு நிமிடத்தில் கழன்றுவிடும், பூ வைத்துச் சோடித்தால் ஒரு அடையாளமும் தெரியாது.

பிளக்குக்கு லண்டனிலிருந்து வந்த மருமகன் கொண்டுவந்த ஏழு பின் வகை. ஒன்று மஞ்சள், இடது சிக்னல். இரண்டு நீலம். மூன்று வெள்ளை, எர்த். நாலு பச்சை, வலது சிக்னல். ஐந்து மண்ணிறம், வலது பார்க். ஆறு சிவப்பு, பிறேக். ஏழு கறுப்பு, இடது பார்க். இந்த வரிசையைத் தாளில் எழுதி வானின் டாஷ்போர்ட்டுக்குள் ஒட்டியிருக்கிறேன். நாளைக்கு வேறு யாராவது பழுது பார்க்க வந்தால் ஊகித்து வெட்டக் கூடாது.

எர்த்தைப் பற்றி ஒரு சொல். இரும்பு இரும்போடு தொடுகிறதுதானே, சட்டமே எர்த் எடுக்கும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சட்டத்தை வானோடு கொழுவும், கிறீஸ் பூசின பந்துமூட்டு ஓடும்போது தொட்டும் தொடாமலும் இருக்கும். அப்போது பிறேக் பிடித்தால் சிக்னல் மங்கலாக எரியும், சிக்னல் போட்டால் பார்க் லைற் துடிக்கும். எல்லா விளக்கும் கூத்தாடினால் பல்ப்பைத் தேட வேண்டாம், எர்த்தைத் தேடுங்கள். என் ஏற்பாட்டில் வெள்ளை வயர் விளக்கிலிருந்து வான்வரை தனியாகவே வருகிறது, காரின் உடம்பில் எங்கேயும் தொடாது. அதற்கு மேல், இழுக்கும்போது காரின் பற்றரியில் ஒரு முனையைக் கழற்றிவைத்துவிடுவேன்.

எல்.ஈ.டி. போட்டதில், சிக்னலை மினுங்கவைக்கும் வானின் பிளாஷருக்கும் ஆறுதல். 21 வாட்ஸ் பல்ப்புகளை மேலதிகமாகச் சுமத்தாததால் சிக்னல் பழைய தாளத்திலேயே அடிக்கிறது. ஆனால் அதிலேயே ஒரு குறையும் உண்டு: காரின் சிக்னல் செத்துப்போனால் வானுக்குத் தெரியாது, உள்ளே அதே டிக் டிக் சத்தம்தான் கேட்கும்.

இந்த மூன்றாவது ஏற்பாடு 2020 தையில் பூட்டினது. கொரோனாக் காலத்தில் கலியாணங்கள் நின்றன, காரும் நின்றது. எலி வயரைக் கடித்து உள்ளே கூடு கட்டியிருந்தது. இப்போது வயரைச் சுருட்டித் தகர வாளிக்குள் மூடிவைக்கிறேன். 2021 மாரியில் பிளக்கின் பின்கள் பச்சை பூத்துவிட்டன. ஆனையிறவு உப்புக் காற்றும் ஐப்பசி கார்த்திகை மழையும் செப்பை விட்டுவைக்காது. ஈயம் வைத்து ஒட்டி, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு, பின்களில் வஸ்லின் தடவினேன், அதற்குப் பிறகு பச்சை இல்லை. 2022இல் எரிபொருளுக்குக் கியூ.ஆர். வந்து, வாரத்துக்கு 20 லீற்றர்தான் என்ற நேரத்தில் இழுத்துப்போகும் முறை எங்களைக் காப்பாற்றியது. வானின் டீசலில் காரும் போய்ச் சேர்ந்தது.

2023இல் நடந்தது என் கவனக்குறைவு. திரும்பும்போது இழுபடக் கூடாதென்று வயரை நீளமாக விட்டிருந்தேன். அது தொய்ந்து தாரில் உரஞ்சி, கைதடிக்கு வரும்போது சிவப்பு வயர் அறுந்துவிட்டது. பிறேக் லைற் இல்லாமல் எவ்வளவு தூரம் வந்தோம் என்று தெரியாது. இப்போது தொலைபேசி வயர் மாதிரிச் சுருண்டு நீளும் வயர், சட்டத்தில் நடுவில் ஒரு கொளுவி. முற்றத்தில் வானின் ஸ்ரியரிங்கை முழுதாக ஒடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்த பிறகுதான் அளவை முடிவாக்கினேன்.

ஒவ்வொரு பயணத்துக்கும் முன் மகள் காருக்குப் பின்னால் நிற்பாள். நான் போட, அவள் சத்தமாகச் சொல்லுவாள்: பார்க், இடது, வலது, பிறேக். பளையில் தேத்தண்ணிக்கு நிற்கும்போது இன்னொரு தரம். இடைப்பட்ட தூரத்துக்கு என்னிடம் ஒரு வழியும் இல்லை. நீல வயர், இரண்டாம் பின், சும்மா இருக்கிறது. காருக்குப் பின்னால் பூட்டின பிறேக் விளக்கடியிலிருந்து அதால் ஒரு சைகையைத் திருப்பிக் கொண்டுவந்து, ஸ்ரியரிங்குக்குப் பக்கத்தில் சின்னச் சிவப்பு பல்ப் ஒன்று எரியவைக்கலாம் என்று சுன்னாகத்து ஐயா சொல்லியிருக்கிறார். ஆடியில் கலியாணம் இல்லை. கார் ஒரு மாதம் போர்ட்டிக்கோவில் நிற்கும். அந்த வேலையை அப்போது தொடங்குகிறோம்.