‘அப்கிரேட் முடிந்தது’ என்ற மெயிலை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

நெட்வொர்க் கருவிகளான ஸ்விட்ச், ரவுட்டர்களின் மென்பொருள் அப்கிரேடை வெளி நிறுவனத்திடம் ஒப்படைக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே பாணியில் வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர்.

2023 அக்டோபரில் சிஸ்கோ கருவிகளை இயக்கும் ஐஓஎஸ் எக்ஸ்ஈ மென்பொருளில் சிவிஇ-2023-20198 என்று எண்ணிட்ட பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்ததே, ஆபத்தின் அளவு பத்துக்குப் பத்து என்று போட்டிருந்தார்களே, அதற்குப் பிறகுதான் எங்கள் நிர்வாகத்துக்கு அப்கிரேட் என்ற ஞாபகமே வந்தது. “திட்டமிடல் முதல் சரிபார்ப்பு வரை எங்கள் பொறுப்பு” என்று கொட்டேஷனில் எழுதியவர்களுக்கு வேலை போனது.

திட்ட ஆவணம் வந்தது. நல்ல கனம். எங்களிடம் இல்லவே இல்லாத ஒரு ஸ்விட்ச் மாடல் அதில் இருந்தது. வேறு யாருக்கோ எழுதியதில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ரோல்பேக் பகுதியில் ஒரே வரி: “சிக்கல் வந்தால் பழைய பதிப்புக்குத் திரும்பவும்.” எப்படி என்று கேட்டேன். “எங்க இன்ஜினியர் பாத்துப்பாரு சார்.”

அந்த இன்ஜினியர் நேரில் வரவில்லை. நெட்வொர்க் அறுந்தாலும் கருவிக்குள் நேரடியாக நுழைய உதவும் கன்சோல் இணைப்பும் கேட்கவில்லை. எந்த ரவுட்டரை ரீலோட் (மறுதொடக்கம்) செய்யப் போகிறாரோ, அதன் வழியாகவே விபிஎன் என்ற தொலை இணைப்பில் உள்ளே வந்தார். ஒன்றாகச் சேர்ந்து இயங்கும் ஸ்விட்சுகளின் ஸ்டாக்கில் ஃப்ளாஷ் என்ற சேமிப்பிடம் நிறைந்திருந்ததால் இமேஜ், அதாவது புதிய மென்பொருள் கோப்பு, ஏறாமல் நின்றது. முந்தைய நாளே ஒரு கட்டளையில் தெரிந்திருக்கும். ஒதுக்கிய நேரத்தில் பெரும்பகுதி பழைய கோப்புகளை அழிப்பதிலேயே போனது. விடியும் நேரத்தில் புதிய பதிப்பில் ஸ்டாக் எழுந்தது, கருவி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங்குக்கும் பதில் வந்தது. ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று மெயில், கூடவே பில்.

அப்புறம் அலுவலக நேரத்தில், யாரும் தொடாமலே ஸ்டாக் மொத்தமாக ரீலோட் ஆனது. அதிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஐபி போன்களும் வைஃபையும் சேர்ந்தே போயின. கூப்பிட்டால், “ஹார்ட்வேர் போயிடுச்சு, மாத்தணும்” என்று புது ஸ்விட்சுக்குக் கொட்டேஷன் அனுப்புகிறார்கள்!

ஸ்விட்ச் எழுந்ததும் பார்த்தால் ஓடுவது பழைய பதிப்பு. விஷயம் இதுதான்: ஐஓஎஸ் எக்ஸ்ஈ-யில் அப்கிரேடை ஆக்டிவேட் (புதிய பதிப்பை ஓடவிடுவது), கமிட் (அதை நிரந்தரமாக்குவது) என்று தனித்தனியாகச் செய்தால், ஆக்டிவேட் ஆனதுமே ஒரு டைமர் ஓடத் தொடங்கும். அது முடிவதற்குள் கமிட் கொடுக்காவிட்டால், ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொண்டு ஸ்விட்ச் தானாகவே பழைய பதிப்புக்குத் திரும்பிவிடும். நல்ல பாதுகாப்பு ஏற்பாடுதான், தெரிந்தவர்களுக்கு. ஷோ இன்ஸ்டால் சம்மரி என்ற கட்டளை காட்டும் பட்டியலில் கமிட் ஆன பதிப்புக்குப் பக்கத்தில் ‘சி’ இருக்கும், ஆகாததற்கு ‘யு’. அவர்கள் நிறைவு மெயிலில் இணைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டிலேயே ‘யு’ பளிச்சென்று இருக்கிறது. அனுப்பியவரே அதைப் பார்க்கவில்லை.

ஆகவே கொட்டேஷன் வாங்கும்போதே கேளுங்கள்: உங்கள் கருவி ஒவ்வொன்றுக்கும் ரோல்பேக் கட்டளைகள் எங்கே? இணைப்பு அறுந்தால் கன்சோலுக்கு யார் போவார்? கோப்பு மாறவில்லை என்று காட்டும் இமேஜின் ஹாஷைத் தயாரிப்பாளர் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டார்களா? பிங் மட்டும் போதாது. இன்டர்ஃபேஸ் (போர்ட்) நிலை, ரவுட்டிங் நெய்பர்கள் (பாதைத் தகவலைப் பகிரும் பக்கத்துக் கருவிகள்) இவற்றின் முன்–பின் பட்டியலையும் வாங்கிவிட்டுப் பணம் கொடுங்கள்.

எங்களுக்கு ‘அவசர உதவி’ என்று இன்னொரு பில்லும் வந்தது. அவர்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் அந்த ‘யு’-வைச் சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பதில் இல்லை.